இடது முன்சக்கரத்துச் சத்தம்

2003-ஆம் வருடம் என்று நினைவு. மாசி மாதம். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் குடியிருப்பில் அப்போது நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரர் அந்த ஆலையில் ஃபிட்டர். கல்லை அரைத்துத் தூளாக்கும் மில் பகுதியில்தான் அவருக்கு வேலை. கல்யாணமாகி நான் அங்கே போன நாளிலிருந்து அந்த மில்லின் இரைச்சல் இல்லாமல் நாங்கள் தூங்கியதில்லை. ஏதாவது கோளாறாகி மில் நின்றுபோனால்தான் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து என்ன ஆச்சு என்று பார்க்கும்.

அந்த மில்லில் எங்கே என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். ஓடுகிற மோட்டார் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டே உள்ளே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார். காரணம் எங்கள் ஒரே மகள். உடையார்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாசிக் கடைசியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். அது முடிந்ததும் பிள்ளைப்பேற்றுக்கு மகளை நாங்கள் அழைத்துவர வேண்டும். வாடகைக்கு ஒரு வண்டி பேசினால் முடிந்துபோகிற விஷயம். மனுஷர் கேட்கவில்லை.

"எம்பொண்ண எவனோ ஓட்டற வண்டியில கூட்டியாரணுமா? என் வண்டி, நானே ஓட்டியாருவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆலை ஜீப்பை ஓட்டிப் பழகியவர். லைசென்ஸும் இருந்தது. நானும் சரி என்றேன். எனக்கும் கார் ஆசை இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் முன்சீட் எனக்குக் கிடைத்ததில்லை. அது அவருடைய சிநேகிதர்களுக்கு. யாரும் வராத நாளிலும் நான் பின்சீட்டில் இடது பக்கம்தான். பழக்கமாகிவிட்டது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒருநாள் பெரம்பலூருக்கு வளையல் வாங்கப் போனபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். ஊர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் காலுக்குக் கீழே முன்பக்கமிருந்து கரகரவென்று ஏதோ அரைபடுவது போல இருந்தது. வேகம் குறைந்தால் சத்தமும் குறைந்தது.

"ஏங்க, வண்டியில ஏதோ சத்தம் வருதுங்க" என்றேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"பழைய வண்டியில சத்தம் வராம, நாயனமா வாசிக்கும்?" என்றார். ஃபிட்டரிடம் போய் நாம் என்ன பேச முடியும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டொரு வாரம் கழித்து அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் எங்களோடு வந்தார். அவரும் அதையே சொன்னார். "என்னண்ணே, இந்தச் சத்தம் போடுது வண்டி, பாக்கமாட்டியளா?" என்று முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டார். உடனே இவர், "ஆமாமா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சைலென்சர்தான். மாத்தணும்" என்றார்.

அடுத்த நாளே அரியலூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டார். அங்கே யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. சாரே ஃபிட்டர், சார் சைலென்சர் என்கிறார், அப்புறம் என்ன? பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். ஊர் எல்லை தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் அதே சத்தம். சைலென்சர் புதிதாகி வண்டி அடங்கி ஓடியதால் அந்தக் கரகரப்பு முன்னைவிடத் துலக்கமாகவே கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா? சுத்தமா நின்னுபோச்சு. இப்ப எப்படி ஓடுது பாரு, வெண்ணெய் மாதிரி."

கேலி செய்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த முகம். இவருக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. இப்போது மட்டுமில்லை, எப்போதுமே கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மில்லில் வேலை செய்கிறவர்கள் எல்லோருமே கத்திப் பேசுவார்கள். உள்ளே பேச்சே எடுபடாது என்பதால் கையசைப்பு, உதட்டசைப்பு, தலையாட்டல் இதுதான் பாஷை. வீட்டிலும் அப்படியே வரும். எங்கள் குடியிருப்பில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் இவர் டிவியை அலறவிட்டபோதும், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனபோதும் எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. திமிர் என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் சண்டையும் போட்டேன்.

எல்லாவற்றையும்விடப் போன் விஷயம்தான் என்னை உறுத்தியது. மகள் போன் செய்தால் எடுத்த எடுப்பில் "நல்லாருக்கியாம்மா? சரி சரி, அம்மாகிட்ட பேசு" என்று சொல்லி என் கையில் திணித்துவிடுவார். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா, அப்பா என்று அவர் பின்னாலேயே திரிந்த பெண். "கட்டிக் குடுத்ததோட அப்பாவுக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேன்ல?" என்று போனிலேயே அழுவாள். அவர் சுபாவம் அப்படித்தான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். தட்டு சுழன்று சுழன்று அடங்கியது. மனுஷர் பக்கத்தைப் புரட்டினார். அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. காதை வைத்தே பேர் வாங்கிய மனுஷரிடம் உங்களுக்குக் காது கேட்கிறதா என்று எப்படிக் கேட்பது? ஆனால் அந்த வண்டியில் நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை ஏற்றி, லாரிக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு வரப்போகிறார். அதை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டேன். வளைகாப்புக்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன, தூரப் பயணத்துக்கு முன்னால் வண்டியை ஒரு தடவை முழுசாகக் காட்டிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். மகளின் மாமனார் சொன்னார் என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். சம்பந்தி பேரைச் சொன்னால் மறுக்கமாட்டார். பெரம்பலூரில் பாடாலூர் போகிற மெயின் ரோட்டோரம் ஒரு மெக்கானிக் இருக்கிறார், நிதானமானவர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அங்கே போனோம். நானும் வருவேன் என்று ஏறிக்கொண்டேன்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கைவேலையை முடித்துக்கொண்டு வந்தார்.

"சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஜெனரலா பாருங்க. சத்தம் இருந்துச்சு, சைலென்சர் மாத்தியாச்சு" என்றார் இவர்.

"என்ன மாத்துனீங்கங்கறது அப்புறம் சார். வண்டி என்ன பண்ணுச்சு, அதைச் சொல்லுங்க."

எங்களை ஏற்றிக்கொண்டு அவரே மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். காய்ச்சலோடு கூட்டிப்போன பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் துள்ளி விளையாடுமே, அந்தக் கதைதான். கூட்டமும் லாரியுமாக இருந்த ரோட்டில் வேகமும் எடுக்க முடியவில்லை, சத்தமும் வரவில்லை. திரும்பி வந்து நிறுத்திவிட்டு, "எனக்கு ஒண்ணும் பிடிபடல சார். நீங்கதான் தினம் ஓட்டறவரு, நீங்க சொன்னாத்தான் உண்டு" என்று கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

கிளட்ச்சை மிதித்தால் சத்தம் நிற்கிறதா? இவர் "நிக்குது" என்றார். வளைவில் கூடுகிறதா? "கூடுது". எந்தப் பக்கம் திருப்பினால்? "ரெண்டு பக்கமும்". நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வருகிறதா? "வருது, வருது". மில்லில் தலையாட்டிப் பழகிய மாதிரியே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் காருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். சொன்னது அத்தனையும் தப்பு.

மெக்கானிக் நெற்றியைச் சுருக்கினார். "நீங்க சொல்றது ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலயே சார். கிளட்ச் மிதிச்சா நிக்குதுன்னா கியர் பாக்ஸாத்தான் இருக்கணும். இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும். வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போறாப்ல இருக்கும். பரவால்லயா?"

இவர் தலையாட்டினார். ஒரு வாரம் என்றது அவருக்குக் கேட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டிக் கொடுத்தாலும் உண்மையான கோளாறு அப்படியேதான் இருக்கும். சரியாகிவிட்டது என்று நம்பி இவர் மகளை ஏற்றிக்கொண்டு வருவார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்தார். குனிந்தபடியே, "ரன்னிங்ல நியூட்ரல் போட்டுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். உதடு தெரியவில்லை. இவர் பேசாமல் நின்றார். "சார், நியூட்ரல்ல போட்டுப் பாத்தீங்களா?" பதில் இல்லை. மூன்றாவது தடவை அவர் சத்தமாகக் கேட்டபோது அங்கே ஒரு லாரிக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்த ஆள்கூட எட்டிப் பார்த்தார்.

இவர் என்னைப் பார்த்தார். கேள்வி கேட்டிருக்கிறார்கள், அது என்னவென்று தெரியவில்லை என்ற முகம். எத்தனையோ வருஷமாக அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது. நானே சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். நாலு பேர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்கிறோமோ என்று வாயும் வரவில்லை. நின்றுவிட்டேன்.

அவரே சொன்னார். வழக்கமான அவருடைய கத்தல் இல்லை.

"எனக்குக் காது கேக்காதுங்க. அந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்ல. அவளுக்குத்தான் தெரியும், அவளக் கேளுங்க."

என்னிடம்கூட அதுவரை சொல்லாததை அந்த இடத்தில் வைத்துச் சொன்னார். நான் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெக்கானிக் அச்சச்சோ என்று ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். "சரிங்க சார்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எதைப் போல இருக்கும்?"

"மாவு மெஷின்ல அரிசி தீந்துபோயி வெறுங்கல்லு ஓடுமே தம்பி, அந்த மாதிரி."

"எப்ப வரும்?"

"கெளம்பின ஒடனே வராது. ஊரு தாண்டி வேகமாப் போகணும். வேகம் கொறைஞ்சா கொறையும்."

"நிறுத்தி வெச்சு எஞ்சினை முறுக்கினா?"

"வராது. போன வாரம் ரயில்வே கேட்டுல அப்படிச் செஞ்சாரு. வரல."

"கியர் மாத்தறப்ப, கிளட்ச் மிதிக்கறப்ப?"

"அப்பவும் நிக்காது. ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"திருப்பறப்ப?"

இதற்கு நான் கண்ணை மூடி யோசித்தேன். எங்கள் ரோட்டில் ஒரு பாலம் தாண்டி வலது பக்கம் பெரிய வளைவு. அங்கே என் காலடியில் சத்தம் தூக்கலாக வரும். எதிர்ப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடும். சொன்னேன்.

"வலது பக்கம் திரும்பினா கூடுது. நீங்க ஒக்காந்திருந்தது இடது பக்கம். சத்தம் ஒங்களுக்கு முன்னாடி, கீழ. அப்படித்தானக்கா?"

"ஆமா தம்பி."

"எஞ்சினும் இல்ல, கியர் பாக்ஸும் இல்ல" என்று சொல்லி எழுந்துவிட்டார். வலது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயுமாம். அப்போது சத்தம் கூடினால் கோளாறு அந்தச் சக்கரத்தில்தான் இருக்க வேண்டுமாம். ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தூக்கினார். கையால் சுற்றிவிட்டார். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைத் தோளில் தட்டிக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து அந்த ஸ்பிரிங்கில் வைத்துவிட்டு மறுபடியும் சக்கரத்தைச் சுற்றினார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். சக்கரம் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

"பேரிங்கு" என்றார். "உள்ள உருளை பொத்துப்போயிருக்கு. மில்லுல இப்படி ஒண்ணு போச்சுன்னா, கைய வெச்சா இதே மாதிரிதான் நறநறங்கும்."

"கரெக்டா சொல்லிட்டீங்க சார்" என்று மெக்கானிக் சிரித்தார். இவரும் சிரித்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மில்லில் கொஞ்ச காலமாக இவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைப்பதில்லை, உள்ளங்கையில் வைத்துத்தான் வேலையை ஓட்டியிருக்கிறார்.

கழற்றிய பேரிங்கை எங்களிடம் காட்டினார்கள். உள்ளே அங்கங்கே பெயர்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் போகிற போக்கில் சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும் என்றார் மெக்கானிக். பொழுது சாய்வதற்குள் புதிது மாற்றிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் வேகம் எடுத்து, "இப்ப இருக்கா?" என்று கேட்டார். காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லைங்க என்று அவர் பார்க்கும்படி தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் கல் ஏற்றிய லாரி ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது. நான் அவர் தொடையைத் தட்டிக் கையைக் காட்டிய பிறகுதான் ஒதுங்கினார். லாரி எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ரொம்ப நேரமா அடிச்சானா?"

"ஆமாங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வளைகாப்புக்கு ஒரு டிரைவரச் சொல்லிக்குவோம்" என்றார். அவர் எவ்வளவு ஆசையை அதில் விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியும்.

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. வரும்போது டிரைவர் ஓட்டினார், நான் முன்னால். பின்சீட்டில் அப்பாவும் மகளும். வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதானே இரண்டு கையும் நிறையக் கண்ணாடி வளையல் போடுகிறோம்? முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டி குலுங்கக் குலுங்க வளையல் கலகலத்துக்கொண்டே வந்தது. மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள். அப்பா மேல் கோபம் தீரவில்லை. கார் வாங்கியும் அவர் ஓட்டி வரவில்லை என்று அதுவேறு சேர்ந்துகொண்டது.

இவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

"இத்தன வளையலு போட்டிருக்க, சத்தமே எனக்குக் கேக்கலம்மா. போன்லயும் அப்படித்தான். நீ பேசறது ஒண்ணும் வெளங்காது. அதான் அம்மாகிட்ட குடுத்துருவேன். ஒம்மேல வருத்தம் இல்லம்மா."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். "ஏம்ப்பா, இத சொல்லறதுக்கு என்னப்பா ஒங்களுக்கு?" என்று அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அரியலூர் வரும்வரை அவர் காதருகே குனிந்து ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு நாள் போனில் சொல்லாமல் விட்டதெல்லாம் இருந்திருக்கும். டிரைவர் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

திருச்சிக்குப் போய்க் காதைப் பரிசோதித்தோம். மில் இரைச்சலில் நரம்பு கெட்டுவிட்டது, திரும்பாது, மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். மெஷின் வருவதற்கு முன்னால் மகளுக்கு வலி வந்துவிட்டது. பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது. நான் சட்டென்று எழுந்ததைப் பார்த்து இவரும் எழுந்தார்.

"அழுவுதா?"

"அழுவுதுங்க."

பழைய ஆளாக இருந்தால் கேட்டது போலத் தலையாட்டிச் சிரித்திருப்பார். என் முகத்துக்கு நேராக வந்து நின்று, "எப்படி அழுவுது? சொல்லு" என்றார்.

நான் கதவருகே போய்க் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். மொதல்ல ஒருதரம் வீல்னு கத்துச்சு, அப்புறம் மூச்சு வாங்கிச்சு, இப்ப விடாம கத்துது, கொரலு கட்டையா இருக்கு, ஒங்க கொரலு மாதிரியே இருக்கு. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. நர்ஸ் வந்து பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்வதற்கு முன்னாலேயே, குழந்தை வந்த சேதி என் வாயால் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது அவர் காதில் மெஷின் இருக்கிறது. அந்தக் கார் எங்களை விட்டுப் போய்விட்டது. இத்தனை வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஆனால் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குள் போய்ச் சேர்ந்தது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.